அடிக்கு அடி அல்ல, அச்சுக்கு அச்சு!

பத்திரிகையில் ஒரு கேலிப்படம் வருகிறது. ஒரு மதத்தாரின் மனம் புண்படுகிறது. என்ன செய்யலாம்? பத்திரிகையைக் கொளுத்தலாமா? ஆசிரியரைச் சிறையில் போடலாமா?

2005 செப்டம்பரில் டென்மார்க் நாட்டுப் பத்திரிகை ஒன்று நபிகள் நாயகத்தைப் பற்றி 12 படங்களை வெளியிட்டது. 2006 பிப்ரவரியில் டமாஸ்கஸ் நகரில் தூதரகங்கள் எரிந்தன. பல நாடுகளில் உயிர்கள் போயின.

மதத்தின் பெயரால் அச்சில் மூண்ட சண்டை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் புதிது அல்ல. அங்கே சண்டை வந்தது படத்தால் அல்ல, பாட்டால்!

1867-ல் வள்ளலார் ராமலிங்க அடிகளின் பாடல்கள் "திருவருட்பா" என்ற பெயரில் அச்சாயின. பெயரைக் கண்டதும் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலருக்குச் சுருக்கென்றது. 'தேவாரம், திருவாசகம் போன்றவைதான் அருட்பா. நம் காலத்து மனிதர் பாடியதை அப்படி அழைப்பதா?' என்பது அவர் கட்சி. "போலியருட்பா மறுப்பு" என்ற சிறு நூல் அவர் பக்கத்திலிருந்து வந்தது.

நாவலர் லேசான ஆள் அல்ல. சொந்த அச்சுக்கூடம் வைத்துப் பழந்தமிழ் நூல்களைப் பதித்தவர். 1864-ல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அவர் மனம் புண்பட்டது வேஷம் அல்ல, உண்மை.

வள்ளலாரின் அன்பர்களும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குப் பதில் நூல்கள் வந்தன. வசைமொழியும் தாராளம்! 1869-ல் சிதம்பரம் கோவில் கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர், கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனார். தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது. வள்ளலாருக்குத் தண்டனை இல்லை. (வள்ளலார் உள்ளே நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை, நடந்ததா என்பது வேறு விஷயம்!)

ஒன்றைக் கவனியுங்கள். கோர்ட்டு விசாரித்தது வசைப்பேச்சை. பாட்டுப் புத்தகத்தை அல்ல. மனம் புண்பட்டது என்று அன்று அந்தப் புத்தகத்தையே தடுத்திருந்தால், தைப்பூசத்தன்று வடலூரில் இன்று திருவருட்பா கேட்குமா?

'பாட்டும் கேலிப்படமும் ஒன்றா?' என்று கேட்பீர்கள். ஒன்று அல்ல. வள்ளலார் யாரையும் நோகடிக்கப் பாடவில்லை. வேண்டுமென்றே குத்துகிற படமும் உண்டு. அதற்குச் சட்டம் இருக்கிறது. 1927-ல் 295-ஏ என்ற பிரிவு வந்தது. 2024 முதல் அது புதிய சட்டத்தில் 299-வது பிரிவு. கெட்ட எண்ணத்தோடு, வேண்டுமென்றே செய்த அவமதிப்புக்குத்தான் தண்டனை. கவனக்குறைவாக நேர்ந்ததற்கு அல்ல. சுப்ரீம் கோர்ட்டு 1957-லேயே இதைச் சொல்லிவிட்டது.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாவலரிடம் அச்சுக்கூடம் இருந்தது. புண்பட்டார், உடனே பதில் அச்சிட்டார். மீன் விற்பவரிடமும், பீடி சுற்றுபவரிடமும் அச்சுக்கூடம் ஏது? அவர்களுடைய பதிலையும் பத்திரிகைதான் அச்சிடவேண்டும். படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில்! முதல் பக்கத்தில் படத்தைப் போட்டுவிட்டு, ஏழாம் பக்கத்து மூலையில் நாலு வரி வருத்தம் தெரிவித்தால் போதாது.