நுழைவுச்சீட்டு மட்டும் மலையைக் காக்காது

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டம் (‘டிரெக் தமிழ்நாடு’), 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களைப் பொதுமக்களுக்கு முறைப்படி திறந்துவிட்டது. இணையவழி முன்பதிவு, எளிது - மிதம் - கடினம் என்னும் வகைப்பாடு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாக உடன்வருவது ஆகியவை இதன் முக்கியக் கூறுகள். கட்டணம் அதிகம் என்ற குறை எழுந்தபோது அரசு அதைக் குறைக்கவும் செய்தது. குரங்கணித் துயரத்துக்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் தெளிவின்றிக் கிடந்த ஒரு துறைக்கு இதனால் ஓர் ஒழுங்கு கிடைத்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது.

எனினும், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. சீட்டு வாங்கி, ஏறி, இறங்கி, வீடு திரும்பும் வாடிக்கையாளர்களை இத்திட்டம் உருவாக்கும். மலையைத் தன் பொறுப்பாகக் கருதி ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு சமூகத்தை அது உருவாக்குமா? இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அடுத்த விபத்து தவிர்க்கப்படுவதும், பாதைகள் குப்பைமேடாகாமல் இருப்பதும் அடங்கியிருக்கின்றன.

பாதிச் சமூகங்கள் இரண்டு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், கொழுக்குமலைக்குச் சென்று இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற இளைஞர்கள் அவர்கள், பெண்கள் பலர். உடனடியாக மலையேற்றத்துக்குத் தடைகள் வந்தன. அதே ஆண்டில் தனி விதிகளும் வந்தன. யாருடைய குற்றம் என்ற விவாதம் நீண்டகாலம் ஓடியது. அந்த விவாதத்தில் ஓர் அடிப்படையான செய்தி மறைந்துபோனது.

அந்த ஆண்டுகளில் தமிழகத்தின் பெருநகரங்களில் மலையேற்றக் குழுக்கள் தன்னெழுச்சியாக வளர்ந்திருந்தன. சென்னையில் 2008-இல் உருவான ஒரு குழு பல்லாயிரம் பேரை ஈர்த்தது. லாப நோக்கின்றி, தன்னார்வலர்களின் உழைப்பில் அது இயங்கியது. மலைக்குச் சென்று பழகியவர்களே பிறகு கடற்கரையில் குப்பை அள்ளினார்கள். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பணிக்கு வந்தார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து ஏறி, ஒரே பானையில் சமைத்து உண்ட பழக்கம், நகரத்துக்குத் திரும்பிய பிறகும் நீடித்தது. பொருளியலர்கள் ‘சமூக மூலதனம்’ என்று அழைப்பது இதைத்தான். அதை எந்தப் பட்ஜெட்டிலும் ஒதுக்கீடு செய்து வாங்க முடியாது.

ஆனால், அது பாதிச் சமூகமே. அதனிடம் ஆர்வம் இருந்தது, தோழமை இருந்தது, அந்தந்த மலையைப் பற்றிய அறிவு போதவில்லை. மார்ச் மாதத்தில் காய்ந்த புல் எவ்வளவு வேகத்தில் எரியும், பிற்பகலில் காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தச் சரிவில் ஓடினால் தீ முந்திக்கொள்ளும் என்பவை அடிவாரத்து மக்களுக்குத் தெரிந்தவை. தீயில் சிக்கியவர்களை மீட்க முதலில் மேலேறியவர்களில் அந்த மக்களும் இருந்தார்கள். அதாவது, அறிவு ஓரிடத்திலும் ஆர்வம் வேறோரிடத்திலும் இருந்தன. இரண்டும் சந்திப்பதற்கு நிலையான அமைப்பு எதுவும் இல்லை.

இன்றைய அரசுத் திட்டம் இந்த இரு தரப்பையும் சந்திக்க வைத்திருக்கிறது. அதுவே அதன் பெரிய சாதனை. ஒரே குறை, ஒரு தரப்பு கட்டணம் செலுத்துபவராகவும் மறு தரப்பு ஊதியம் பெறுபவராகவும் மட்டுமே சந்திக்கிறார்கள் என்பது.

தடையின் எல்லை, விலையின் எல்லை

அண்டை மாநில அனுபவங்களையும் பார்க்கலாம். 2024 ஜனவரியில் குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையில் கர்நாடகத்தின் குமார பர்வத மலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இணையவழி முன்பதிவு இல்லாத மலையேற்றங்களை அரசு நிறுத்திவைத்தது. பிறகு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்புடன் அவை மீண்டும் தொடங்கின. உத்தராகண்டில் உயர்மலைப் புல்வெளிகள் கூடாரங்களாலும் குப்பையாலும் சீரழிவதைக் கண்ட உயர் நீதிமன்றம், 2018-இல் அங்கு இரவு தங்குவதற்கே தடை விதித்தது. அதே மாநிலத்தில் 2024 ஜூன் தொடக்கத்தில் சஹஸ்திர தால் பாதையில் சென்ற 22 பேர் கொண்ட குழு கடும் பனிப்புயலில் சிக்கியது. கர்நாடகத்தைச் சேர்ந்த 9 பேர் இறந்தார்கள். உச்சவரம்பும் தடையும் தேவைதான். ஆனால், வானம் கறுக்கும்போது திரும்பிவிடலாம் என்ற முடிவை எந்த அரசாணையும் மலை உச்சியில் நின்று எடுக்க முடியாது. அங்கே இருப்பவர்களே எடுக்க வேண்டும்.

தடைக்கு எல்லை இருப்பதுபோலவே விலைக்கும் எல்லை உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடத்தப்பட்டு, 2000-இல் வெளியான ஓர் ஆய்வு பொருளியல் வகுப்புகளில் அடிக்கடி பேசப்படுவது. மாலையில் பிள்ளைகளை அழைத்துச்செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்கள் அபராதம் விதித்தன. தாமதம் குறையவில்லை; ஏறத்தாழ இரு மடங்கானது. காத்திருக்கும் ஆசிரியருக்குத் தொந்தரவு தருகிறோமே என்ற கூச்சம் அதுவரை பெற்றோரைக் கட்டுப்படுத்தியது. அபராதம் வந்ததும், ‘அதற்குத்தான் பணம் கொடுத்துவிட்டோமே’ என்ற எண்ணம் அந்தக் கூச்சத்தை விரட்டிவிட்டது. பின்னர் அபராதத்தை நீக்கியபோதும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

மலைக்கும் இது பொருந்தும். ‘கட்டணம் கொடுத்திருக்கிறேன், பாதையைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை, உச்சியைக் காட்டாமல் திருப்பி அனுப்பினால் பணத்தைத் திருப்பித்தர வேண்டும்’ என்று நினைப்பவர் வாடிக்கையாளர். அவர் கெட்டவர் இல்லை. அவரை அப்படி நினைக்கவைப்பது அவர் நுழைந்த வாசல்.

நார்வே காட்டும் வழி

இதற்கு மாற்றான முறை ஒன்று 150 ஆண்டுகளுக்கு மேலாக நார்வேயில் நடைமுறையில் இருக்கிறது. 1868-இல் தொடங்கப்பட்ட நார்வே மலையேற்றச் சங்கத்தில், சுமார் 56 லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில், இன்று மூன்று லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 550-க்கும் மேற்பட்ட மலைக்குடில்கள் அதன் பொறுப்பில் உள்ளன. அவற்றில் பலவற்றுக்குக் காவலாளியோ சமையல்காரரோ கிடையாது. உறுப்பினர்களிடம் பொதுச்சாவி ஒன்று இருக்கும். அதே சாவி நாட்டின் பெரும்பாலான குடில்களைத் திறக்கும். உள்ளே அரிசி, மாவு, டப்பா உணவு முதலியவை அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் குடில்களும் உண்டு. வருபவர் தமக்கு வேண்டியதை எடுத்துச் சமைத்து உண்டு, தங்கியதற்கும் தின்றதற்கும் கணக்கு எழுதிப் பணம் செலுத்த வேண்டும். தண்ணீர் சுமப்பதும், விறகு பிளப்பதும், கிளம்பும் முன் தரையைத் துடைப்பதும் தங்கியவரின் கடமை. இடம் போதாவிட்டால், ஏற்கெனவே சில இரவுகள் தங்கியவர் புதிதாக வருபவருக்கு இடம்விட வேண்டும்.

பாதைகளில் சிவப்பு நிறத்தில் ‘டி’ எழுத்தை வரைவதும், சாய்ந்த பலகைகளை நிமிர்த்துவதும் உள்ளூர்க் கிளைகளின் தன்னார்வலர்கள். ஊர் கூடிக் கைகொடுக்கும் இத்தகைய உழைப்புக்கு ‘டுக்நாட்’ என்று அம்மொழியில் தனிச்சொல்லே உண்டு.

1967-இல் ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த நாடு மலையை மூடவில்லை. மலையேற்றச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து, மலையில் நடந்துகொள்ளும் முறைகளை எளிய விதிகளாகத் தொகுத்து வீடுதோறும் கொண்டுசேர்த்தன. தக்க நேரத்தில் திரும்பிவிட வேண்டும், திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றுள் ஒன்று. இன்று அது அந்நாட்டில் அரசியல் மேடைகளிலும் வணிகப் பேச்சிலும்கூடப் பழமொழிபோலப் புழங்குகிறது. ஒரு துயரத்தை ஒரு சமூகம் தன் பொது அறிவாக மாற்றிக்கொண்ட விதம் இது.

நார்வேயை அப்படியே இங்கே நட முடியாது என்பதை நான் அறிவேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தின் மக்கள்தொகை 7.2 கோடி. நம் மலைகளில் யானையும் புலியும் உலவுகின்றன. ஐந்து புலிகள் காப்பகங்கள் உள்ளன. யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற நார்வேயின் உரிமை இங்கே ஆபத்தானது. எண்ணிக்கை வரம்பும் அனுமதியும் இங்கே கட்டாயம் வேண்டும். நாம் கற்க வேண்டியது, நுழைந்தவரை உறுப்பினராக்கும் முறையை.

குருசாமி மரபு

அது நமக்கு அந்நியமான கருத்தும் இல்லை. சபரிமலைக்கு மாலையிடும் தமிழர்கள் லட்சக்கணக்கானோர். முதல்முறை செல்பவர் கன்னிசாமி. 18 முறை சென்று வந்தவர் குருசாமி. குழுவை அழைத்துச்செல்வது, யார் எங்கே தங்குவது, யாரால் நடக்க முடியும் என்று தீர்மானிப்பது எல்லாம் குருசாமியின் பொறுப்பு. அந்தத் தலைமையை விலைகொடுத்து வாங்க முடியாது. திரும்பத் திரும்பச் சென்றே ஈட்ட வேண்டும். மலையேற்றச் சமூகம் ஒன்று எப்படி நீடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே மலையில்தான் 2011 ஜனவரியில் புல்மேடு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மரபு எவ்வளவு வலுவாக இருந்தாலும், கூட்டத்தின் அளவுக்கு எல்லை இல்லையென்றால் அது தோற்றுவிடும். எல்லையை அரசு வகுக்க வேண்டும். எல்லைக்குள் பொறுப்பைச் சமூகம் ஏற்க வேண்டும்.

பொதுவளங்களைக் குறித்து ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் வற்புறுத்தியதும் இதை ஒத்ததே. அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலைக்கிராமம். குளிர்காலத்தில் தன் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே ஒருவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்ற விதியை 1517-இல் அவ்வூரார் தாமே எழுதிக்கொண்டார்கள். விதியை வகுத்தவர்களே அதைக் கண்காணித்ததால் அது நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது.

செய்யக்கூடியவை நான்கு

முதலாவது, வழிகாட்டிக்கு அதிகாரம். ‘இன்று மேலே போக வேண்டாம்’ என்று பழங்குடி இளைஞர் சொன்னால் அதுவே இறுதி முடிவு என்பது முன்பதிவின்போதே நிபந்தனையாக இருக்க வேண்டும். அதனால் அவருடைய அன்றைய ஊதியம் குறையக் கூடாது. கூலியை இழக்க அஞ்சுபவரால் துணிந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. வழித்தடங்களை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யும் குழுவில் அடிவாரத்துக் கிராம சபைகளுக்கும் இடம் வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் ஏற்கெனவே கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தை வழங்கியிருக்கிறது.

இரண்டாவது, தன்னார்வக் குழுக்களுக்கு அங்கீகாரம். குரங்கணிக்குப் பிறகு அவற்றின் மீது விழுந்த சந்தேக நிழலை நீக்கி, குழுத்தலைவர்களுக்கு முதலுதவி, தீ, வானிலை குறித்த பயிற்சியும் சான்றிதழும் வழங்கலாம். ஆண்டுக்கு இரண்டு நாள் பாதைச் சீரமைப்பிலோ தீத்தடுப்புக் கோடு அமைப்பதிலோ உழைத்தவருக்கு அடுத்த மலையேற்றத்தில் முன்னுரிமை தரலாம். அது பணச்சலுகையாக இல்லாமல் மரியாதையாக இருப்பது நல்லது.

மூன்றாவது, விபத்துகளைப் பற்றிய வெளிப்படையான பதிவு. அமெரிக்க மலையேற்றச் சங்கம் 1948 முதல் ஆண்டுதோறும் விபத்து அறிக்கைகளை நூலாக வெளியிட்டுவருகிறது. என்ன நடந்தது, எந்த முடிவு பிழையானது, மற்றவர்கள் கற்க வேண்டியது என்ன என்பதே அதன் உள்ளடக்கம். நம் மலைகளில் ஆண்டுதோறும் நேரும் மரணங்கள் ஒருநாள் செய்தியாகக் கடந்துபோகின்றன. ஒருவர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் அடுத்தவருக்குக் கிடைக்காமல் போவதைவிடப் பெரிய விரயம் பொருளியலில் இல்லை.

நான்காவது, தமிழில் ஒரு மலை ஒழுக்க நெறி. வனத் துறை, பழங்குடியினர், மருத்துவர்கள், மலையேற்றக் குழுக்கள் கூடி எழுதும் பத்து வரிகள் போதும். பள்ளிப் பாடநூலிலும், வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை அடிவாரங்களிலும் அவை இடம்பெற வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. அரசு தன் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் மனம் தேவை. 40 வழித்தடங்கள் 100 ஆகலாம், வருவாயும் பெருகலாம். பத்து ஆண்டுகள் கழித்து இத்திட்டத்தை மதிப்பிடுபவர்கள் விற்ற சீட்டுகளை எண்ணட்டும். அதோடு, முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது முறையாகவும் வந்தார்கள், புதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்தார்கள், உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது வழிகாட்டியின் ஒரு சொல்லுக்கு மதிப்பளித்துத் திரும்பினார்கள் என்பதையும் எண்ணட்டும்.