பந்தி வஞ்சனை

கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. யாதொரு யோக்கியதையும் இல்லை என்று இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பந்தை எப்படி எறிந்தால் வளையத்தில் விழும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால், நன்றாக ஆடியவனை நன்றாக ஆடினான் என்று சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பது தெரியும். இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு ஞானம் போதும்.

விஷயம் தென் கொரியாவைப் பற்றியது. அங்கே 1997-ஆம் ஆண்டிலிருந்து கூடைப்பந்தைத் தொழிலாக ஆடும் லீக் ஒன்று நடந்து வருகிறது. பத்து அணிகள். பெரும்பாலும் பெரிய பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 54 ஆட்டம் ஆடுகிறது. அந்த 54 ஆட்டமும் முடிந்ததும் பத்திரிகை நிருபர்கள் ஓட்டுப் போட்டு, அந்த வருஷத்தின் ‘சிறந்த ஐவர்’ என்று ஐந்து பேரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். இந்த ஐந்து பேரில் கொரியனும் இருக்கலாம், அமெரிக்கனும் இருக்கலாம், பிலிப்பைன்ஸ்காரனும் இருக்கலாம். ஐந்து நாற்காலிகள், ஆடியவன் உட்காரலாம். இது நியாயம்.

அதே நாளில், அதே மேடையில், அதே நிருபர்கள் இன்னொரு காரியமும் செய்கிறார்கள். ஐவருக்கும் மேலே, அந்த வருஷத்தின் ஒப்பற்ற ஆட்டக்காரன் யார் என்று தீர்மானிக்கிறார்கள். இங்கே வந்ததும் கை நடுங்கி விடுகிறது! ‘உள்நாட்டு ஆட்டக்காரர்களில் ஒப்பற்றவன்’ என்று ஒரு விருது. ‘வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் ஒப்பற்றவன்’ என்று வேறொரு விருது. ஐந்து பேருக்கு ஒரே பந்தியில் இலை போட்டவர்கள், பாயசம் வரும்போது மட்டும் சுதேசிக்குக் கூடத்திலும் விதேசிக்குத் திண்ணையிலும் பரிமாறுகிறார்கள். இதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: பந்தி வஞ்சனை.

‘இரண்டு பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சந்தோஷம்தானே, உமக்கு என்ன வலிக்கிறது?’ என்று கேட்கலாம். வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மனிதர்களின் கதையைச் சொல்கிறேன்.

முதல் மனிதர் ரிக்கார்டோ ராட்லிஃப். அமெரிக்காவிலிருந்து கொரியாவுக்கு ஆட வந்தவர். 2014-15 பருவத்திலும் 2016-17 பருவத்திலும் வெளிநாட்டாருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் வெளிநாட்டார்தான். நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. 2018 ஜனவரியில் அவர் கொரியக் குடியுரிமை பெற்றார். ரா கன்-ஆ என்று கொரியப் பெயர் வைத்துக்கொண்டார். கொரிய தேசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடினார். கொரியா வெண்கலம் பெற்றது. மறு வருஷம் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் கொரியாவின் பாரத்தைச் சுமந்தவரும் அவரே. உலகக் கோப்பையில் 25 வருஷமாக ஓர் ஆட்டங்கூட ஜெயிக்காதிருந்த கொரியா, அங்கே ஐவரி கோஸ்டை ஜெயித்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 2018-19 பருவத்தின் விருது விழா வந்தது. ரா கன்-ஆவுக்கு மறுபடியும் விருது கொடுத்தார்கள். எந்த விருது? வெளிநாட்டு ஆட்டக்காரர் விருது! தேசத்துக்காக ஆடும்போது அவர் கொரியர். தேசத்துக்குள்ளே ஆடும்போது அந்நியர். வேலைக்கு மகன், சாப்பாட்டுக்கு விருந்தாளி என்றால் எந்த வீட்டிலாவது அடுக்குமா? அதோடும் விடவில்லை. 2024-இல் லீக் நிர்வாகம் கூடிப் பேசி, இனி அவரை வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான விதிகளின்படியே நடத்துவது என்று தீர்மானம் செய்தது.

இரண்டாவது மனிதர் மூன் டே-ஜோங். அமெரிக்காவில் ஜரோட் ஸ்டீவன்ஸன் என்ற பெயரோடு வளர்ந்தவர். அவருடைய தாயார் கொரியர். கொரிய ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கென்று லீக் நடத்திய தனித் தேர்வின் வழியாக வந்தார். 2011-இல் குடியுரிமையும் பெற்றார். 2013-14 பருவத்தில், நாற்பதை நெருங்கும் வயதில், லீக்கின் ஒப்பற்ற ஆட்டக்காரர் என்ற பெயரும் பெற்றார். பெற்றதில் எனக்குப் பரம திருப்தி. அவர் கொரியரே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், மூன் கொரியர் என்றால் ரா ஏன் கொரியர் இல்லை? இருவரையும் ஒரே சர்க்கார் ஏற்றுக்கொண்டது. இருவரும் ஒரே தேசிய அணியின் சட்டையைப் போட்டவர்கள். வித்தியாசம் தாய் வழி ரத்தம் ஒன்றுதான். ஆகவே, உள்நாடு என்றால் ரத்தம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வோம்.

இப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டு முடிப்பதற்குள் மூன்றாவது மனிதர் வந்து அதையும் கெடுத்து விடுகிறார். அவர் பெயர் ஈத்தன் அல்வானோ. பிலிப்பைன்ஸ் வம்சம், கலிபோர்னியாவில் வளர்ந்தவர். ஆசிய ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை 2020-இல் ஜப்பானியருக்கும் 2022-இல் பிலிப்பைன்ஸ்காரருக்கும் லீக் திறந்துவிட்டது. அந்த வாசல் வழியாக வோன்ஜு நகரத்து டி.பி. அணிக்கு வந்தார் அல்வானோ. அவருக்குக் கொரியத் தாயும் இல்லை. கொரியக் குடியுரிமையும் இல்லை. 2024-இல் அவர் பெற்ற விருது என்ன தெரியுமா? உள்நாட்டு ஆட்டக்காரர்களில் ஒப்பற்றவர்! தம் அணியைச் சேர்ந்த கொரியரான காங் சாங்-ஜேயை 50-க்கு 47 என்ற ஓட்டுக் கணக்கில் தோற்கடித்துப் பெற்றார்.

அல்வானோவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆடினார், பெற்றார். என் சண்டை அந்தப் பெயர்ப் பலகையோடுதான். கொரியப் பிரஜை வெளிநாட்டார். கலிபோர்னியாவில் வளர்ந்த பிலிப்பைன்ஸ்காரர் உள்நாட்டார். ரத்தமும் கணக்கில்லை, சட்டமும் கணக்கில்லை, பிறந்த மண்ணும் கணக்கில்லை. பிறகு எதுதான் கணக்கு? எந்த இடத்துக்கென்று கூலி பேசினார்களோ அதுதான் கணக்கு. கம்பெனிக்காரர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் என்ன தலைப்பு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தலைப்பைக் கொண்டுவந்து கௌரவத்தின் நெற்றியில் ஏன் ஒட்ட வேண்டும்?

இனி, எதிர்த் தரப்பாருக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது இது: ‘வெளிநாட்டார் உயரமானவர்கள், பலசாலிகள். விருது ஒன்றே என்றால் வருஷா வருஷம் அவர்களே தட்டிக்கொண்டு போவார்கள். நம் பிள்ளைகளுக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?’

இந்தப் பயம் புதிதல்ல. இதே பயத்தில்தான் 2018-19 பருவத்தில் வெளிநாட்டார் 200 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். அதற்கு முந்திய பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளி குவித்த டேவிட் சைமன் என்பவரைச் சுவரோடு நிறுத்தி அளந்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் அதிகம்! போய் வா என்று அனுப்பி விட்டார்கள். நன்றாக ஆடியவனை, வளர்ந்து விட்டான் என்ற குற்றத்துக்காக வெளியே அனுப்பியதைப் பார்த்து உலகம் சிரித்தது. மறு பருவமே விதியை எடுத்து விட்டார்கள். உயரத்தை அளந்த கோலைத் தூக்கி எறிந்தவர்களுக்கு, கௌரவத்தை அளக்கும் கோலைத் தூக்கி எறிய மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

ஊக்கம் என்கிறார்கள். 2024-இன் சிறந்த ஐவரைப் பாருங்கள்: அல்வானோ, காங் சாங்-ஜே, டெட்ரிக் லாசன், பாரிஸ் பாஸ், லீ ஜங்-ஹியூன். லாசனும் பாஸும் அமெரிக்கர்கள். லீ ஜங்-ஹியூன் கொரியர். கோயாங் நகரத்துச் சோனோ அணிக்காரர். அவருடைய அணி அந்த வருஷம் கீழ் வரிசையில் கிடந்தது. தோற்ற அணியில் இருந்துகொண்டு, சராசரியாக ஆட்டத்துக்கு 22 புள்ளிக்கு மேல் குவித்து, அமெரிக்கர்களோடு சரிசமமாக அந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்தார். யாரும் அவருக்குத் தனிப் பந்தி போடவில்லை. ஒரு கொரியச் சிறுவனுக்கு ஊக்கம் வேண்டுமானால் இது ஊக்கம். வேலி கட்டி, வேலிக்குள்ளே நீதான் முதல்வன் என்று சொல்வது ஊக்கமாகாது. உன்னால் வெளியே ஜெயிக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் அது.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய என்.பி.ஏ. லீக்கில் 2019 முதல் 2025 வரை ஏழு தடவையும் ஒப்பற்ற ஆட்டக்காரர் விருது அந்நிய தேசத்தில் பிறந்தவர்களுக்கே போயிற்று. கிரீஸ், செர்பியா, காமரூன், கனடா என்று ஊர்கள் மாறின. விருது ஒன்றாகவே இருந்தது. அதனால் அமெரிக்கப் பிள்ளைகள் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடவில்லை.

இரண்டு விருதின் கெடுதல் இன்னொன்று. அது கேள்வியைத் தட்டிக் கழிக்கிறது. 2022 முதல் 2025 வரை நாலு வருஷமும் இரண்டு விருதும் ஒரே அணிக்குள்ளேயே போயின. 2024-இல் டி.பி. அணியின் அல்வானோவும் லாசனும். மற்ற மூன்று வருஷமும் சியோல் எஸ்.கே. அணியின் கொரியர் ஒருவரும், ஜமீல் வார்னி என்ற அமெரிக்கரும். சோய் ஜுன்-யோங், கிம் சுன்-ஹியூங், ஆன் யங்-ஜுன் என்று பக்கத்தில் நின்றவர்கள் மாறினார்கள், வார்னி மாறவில்லை. ஒரே அணியில் ஒரே வெற்றிக்கு ஆடிய இருவரில் யார் பெரியவர்? ரசிகன் கேட்க விரும்பும் கேள்வி இது ஒன்றுதான். வார்னியே என்று சொல்லியிருக்கலாம். சோய்தான், கிம்தான் என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் ஒரு தீர்ப்பு இருந்திருக்கும். இரண்டு கோப்பை கொடுத்து வாயை மூடிவிட்டார்கள். கிம் சுன்-ஹியூங்குக்கும் இதில் நஷ்டமே. வார்னியை மிஞ்சினாரா இல்லையா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

ஐவர் பட்டியலும் குற்றமற்றது என்று நான் சாதிக்கவில்லை. அது 54 ஆட்டத்தோடு நின்றுவிடுகிறது. 2024-இல் ஐந்தாவது இடத்தில் இருந்த கே.சி.சி. அணி கடைசியில் சாம்பியன் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்குள் ஐவர் பட்டியல் அச்சாகி விட்டது. இருக்கட்டும். அந்தக் குறை காலத்தைப் பற்றியது. மனிதனைப் பிரிக்கிற குறை அதில் இல்லை.

கொரிய லீக்காருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஐந்து பேரை ஒன்றாக உட்கார வைக்க உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஐந்து பேரில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கொரியராக இருந்தால் அமெரிக்கரையும் ஜெயித்த கொரியர் என்று ஊர் கொண்டாடும். அமெரிக்கராக இருந்தால், வந்த ஊரில் நியாயம் கிடைத்தது என்று அவர் தம் பிள்ளைகளிடம் சொல்லுவார். ரா கன்-ஆவைப் போல ஒருவராக இருந்தால், அன்றைக்காவது அவர் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.