பரிகாரியும் நீதவானும்: கிறித்தவ மீட்புக் கோட்பாடு பற்றிய ஒரு மறுப்பு

பரிகாரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உள. செய்த பாவத்துக்குக் கழுவாய் தேடுவதும் பரிகாரம். வந்த நோய்க்கு மருந்து காண்பதும் பரிகாரம். ஈழத்து வழக்கில் நாட்டு வைத்தியரைப் பரிகாரி என்பர். அது பேச்சிற் பரியாரி ஆயிற்று. மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாக ஆறுமுக நாவலர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குச் 'சைவதூஷண பரிகாரம்' என்று பெயரிட்டபோது, தூஷணத்தை ஒரு நோயாகவும் தம் நூலை அதற்கு மருந்தாகவும் கருதினார் என்று கொள்வதில் இழுக்கில்லை. இத்தகைய சொல்லொன்று கைவசம் இருந்தும், தமிழ்க் கிறித்தவப் பிரசங்க மேடை இயேசுவின் மரணத்தை விளக்கப் புகும்போது பரியாரியின் திண்ணையைத் தாண்டி நீதவானின் மன்றுக்கே விரைகின்றது. இவ்விரைவு எங்கிருந்து வந்தது, அதனால் நேர்ந்த இழப்பு யாது என்பன ஆராயற்பாலன.

மேடைகளிற் கூறப்படும் விளக்கம் ஏறத்தாழ இதுவாகும். மனிதன் கட்டளையை மீறினான். மீறியவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. நீதிபரராகிய கடவுள் தண்டனையைத் தள்ளுபடி செய்ய இயலாதவர். ஆகவே குற்றமற்ற மகன் குற்றவாளிக் கூண்டில் ஏறி அதனைத் தாமே ஏற்றார். கோபம் தணிந்தது, வழக்கு முடிந்தது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளையும் பிழையின்றி ஒப்புவிக்கத்தக்க எளிமை இதற்கு உண்டு. குறை யாதெனில், வழக்கு முடிந்து வீடு திரும்பும் மனிதன் கூண்டில் நின்ற அதே மனிதனாகவே திரும்புகின்றான். ஏட்டில் அவன் பெயர் வெட்டப்பட்டது. அவனுள் யாதும் மாறவில்லை. மாற்றம் பின்னர் வரும், அதற்குப் பரிசுத்தமாக்குதல் என்று பெயர் என விடையிறுப்பர். அங்ஙனமாயின் மீட்பின் உயிர்நிலையாய் இருக்கவேண்டியது அதன் பின்னிணைப்பாய்ப் போயிற்று என்பதை அவர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

தொடக்கத் திருச்சபை இவ்வாறு நினைக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராய் இருந்த இரேனியு, ஆதாமிற் சிதைந்த மனித வாழ்வை அதன் ஒவ்வொரு பருவத்திலும் மீளவும் நடந்து நேராக்கியவர் கிறித்து என்றார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியார், பாவம் வெறுங் குற்றமாக மட்டும் இருந்திருப்பின் மனந்திரும்புதலே அதற்குப் போதுமானதாய் இருந்திருக்கும் என்று துணிந்து எழுதினார். மனந்திரும்புதல் போதாமைக்கு அவர் காட்டிய காரணம் மனித இயல்பே அழிவுக்கு உட்பட்டுவிட்டது என்பதாகும். இக்கருத்து வன்னியில் எவருக்கும் விரிவுரையின்றி விளங்கும். மாரியிற் குளக்கட்டு உடைந்து வயல்கள் அழிகின்றன. துருசைத் திறக்கத் தவறியவன் ஊரார் முன்னிலையிற் கைகட்டி நின்று பிழையை ஒப்புக்கொள்கின்றான். ஊரார் பொறுத்தும் விடுகின்றனர். அதனாற் கட்டின் உடைப்பு அடைபடுமா? அவனுக்கு அபராதம் விதிப்பினும், அவனுக்காக வேறொருவர் அபராதத்தைக் கட்டினும், அடுத்த மழையில் நீர் நில்லாது. எவரேனும் உடைப்பில் இறங்கி மண் போட்டாக வேண்டும்.

அப்பொலினாரியு என்பவரோடு நடந்த வாதம் இதனினும் தெளிவான சான்று. கிறித்துவில் மனித உடல் உண்டு, மனித மனம் இல்லை. அதன் இடத்தில் தெய்வ வார்த்தையே நின்றது என்று அவர் போதித்தார். நாசியான்சு கிரகோரியார் கிளெதோனியுவுக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் கடுமையாக மறுத்தார். அவரது வாதத்தின் சாரம், கிறித்து தம்மோடு சேர்த்துக்கொள்ளாத பகுதி குணமாக்கப்படாமலே விடப்படும் என்பதாகும். மனித மனமே முதலில் நோயுற்றது, ஆதலால் அதுவே முதலில் ஏற்கப்படவேண்டியது. நீதிமன்ற விளக்கத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. தண்டனையை நிறைவேற்றச் சாகத்தக்க ஓர் உடல் போதும். அவ்வுடலுக்கு மனித மனம் உண்டா இல்லையா என்பது வழக்கைத் தொடாது. 381ஆம் ஆண்டுக் கொன்சுதாந்திநோப்பிள் சங்கம் அப்பொலினாரியுவின் கொள்கையைத் தள்ளியது. கிறித்து முழு மனிதர் என்ற விசுவாசக் கோட்பாட்டைக் காத்து நின்றது குணமாக்கல் என்னும் கருத்து. அக்கருத்தை இன்று 'மென்மையான போதனை' என்று ஒதுக்குவோர், தாம் ஒவ்வொரு வழிபாட்டிலும் ஓதும் விசுவாசப் பிரமாணம் எதன் மீது நிற்கின்றது என்பதை அறியாதவர்.

மீட்புப் பணம், கடன், பலி ஆகிய உவமைகளும் அப்பிதாக்களின் எழுத்துகளில் உள்ளன; அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அவை ஒரு பெரிய மருத்துவத்தின் உட்கூறுகளாகவே அங்கு நின்றன. கன்றர்பரிப் பேராயர் அன்செல்ம் 1098இல் எழுதி முடித்த நூலிலே கடவுளின் மகிமைக்கு நேர்ந்த குறைவும் அதற்கான ஈடும் நடுப்பொருளாயின. நிலமானியப் பிரபுவின் மானம் அங்கே அளவுகோலாயிற்று. சட்டம் பயின்ற கால்வின், 1536இல் முதன்முதல் வெளிவந்த தம் பெருநூலினூடாக அந்த ஈட்டைத் தண்டனையாக்கினார். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் அந்த மரபின் வழி வந்தது. துண்டுப்பிரசுரமும் பள்ளிக்கூடமும் அதனை வீடுதோறும் கொண்டு சென்றன.

இங்கு ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராய் இருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நாவலரின் மறுப்பு நூல் வெளிவந்த அதே 1854இலேயே அதுவும் அச்சேறிற்று. ஆணவமலம் ஆன்மாவைப் பற்றிய நோய் போன்றது, இறைவன் அதனைத் தீர்ப்பவன் என்ற சித்தாந்தக் கருத்து இவ்வாறு அந்த மிஷனரியின் மேசையிலேயே கிடந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிலே இறைவனின் தண்டத்தையும் நோயாளியை அன்போடு அறுத்துக் கீறிக் குணப்படுத்தும் மருத்துவனின் செயலுக்கு ஒப்பிடுகின்றார். தமிழ்ச் சமய அறிவு, தண்டனையைக்கூட மருத்துவத்தின் உள்ளே வைத்திருந்தது. வந்தவர்களோ மருத்துவத்தைத் தண்டனையின் உள்ளே அடக்கினர். தங்கள் சொந்தப் பிதாக்களின் குரலைச் சைவரின் வாயில் கேட்டும் அதனை இனங்காணாமற் போனமை அக்காலச் சமய உரையாடலின் பெருந்துயரங்களுள் ஒன்று. சைவத்தையும் கிறித்தவத்தையும் ஒன்றாக்குதல் இங்கு நோக்கமன்று. மலம் அநாதி என்பதும் பாவம் பின்வந்தது என்பதும் ஒரே கூற்று ஆகா. உவமை ஒன்று என்பதே கூறப்படுவது.

செமினரிகள் மறந்ததை மடுவின் யாத்திரிகர் மறக்கவில்லை. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட, மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடியவர்கள் 1670 அளவில் மருதமடுவிற் குடியேறினர் என்பது மரபு. பாம்பு நிறைந்த அக்காட்டிலே மடு மண் விஷந்தீர்க்கும் என்ற நம்பிக்கை எழுந்து, கத்தோலிக்கரல்லாதாரையும் அங்கு ஈர்த்தது. கற்றோர் இதனை மூடநம்பிக்கை என்று புன்னகைப்பர். அவர்கள் தம் வேதத்தைத் திறந்து பார்ப்பாராக. எண்ணாகமத்தின் 21ஆம் அதிகாரத்திலே பாம்பு கடித்த மக்கள் உயர்த்தப்பட்ட வெண்கலப் பாம்பை நோக்கிப் பிழைத்தனர். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் சிலுவைக்கு அதனையே முன்னடையாளமாக்குகின்றது. அக்காட்சியிலே வழக்குமில்லை, ஈடுமில்லை. விஷமும் விஷந்தீர்த்தலுமே உள. கடித்ததின் உருவமே கடிக்கு மருந்தாகும் விந்தையும் அங்குண்டு. காட்டில் வாழ்ந்த எளியோர் இறையியலின் மையத்தைக் கையில் ஒரு பிடி மண்ணாக வைத்திருந்தனர் என்பது மிகையன்று. அந்த மண்ணே தெய்வமாகிவிடின் அது வேறு நோய். வெண்கலப் பாம்புக்குத் தூபம் காட்டத் தலைப்பட்டபோது எசேக்கியா அரசன் அதனை உடைத்தெறிந்தான்.

இது நூலகத்து வாதமாக மட்டும் இருந்திருப்பின் இத்துணை வலியுறுத்தத் தேவையில்லை. வவுனியாவிலிருந்து மேற்கே செல்லும் வீதியிற் பூவரசங்குளம் இருக்கின்றது. பூவரசின் இலையும் பட்டையும் தோல்நோய்க்குப் பரியாரிமார் கையாளும் மருந்துகள். அம்மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அதற்கு அப்பாற் செட்டிகுளப் பகுதியில், மெனிக் பாம் முகாம்களிலே 2009ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேயே அம்முகாம் மூடப்பட்டது. அதற்கு முன்னர், 1999 நவம்பரில், அடைக்கலம் தேடி மடுக்கோயிலிற் கூடியிருந்தோர் மேல் எறிகணை வீழ்ந்து நாற்பதளவிலானோர் மாண்டனர். பழைய தமிழ் வேதாகமத்தின் 'பாவநிவாரணபலி'யை வாசிக்கும் இம்மக்களுக்கு நிவாரணம் என்பது அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்ட அரிசியும் பருப்பும் மாவும். இவர்கள் முன்னிலையில் நின்று, கடவுளும் ஒரு மரணமின்றி மன்னிக்க இயலாதவர் என்று போதிப்பதன் பொருள் யாது? பெருங்காரியம் ஒன்று நிறைவேறக் குற்றமற்றோரின் இரத்தம் விலையாக வேண்டும் என்ற தர்க்கத்தை அவர்கள் பல மேடைகளிலிருந்தும், பல கொடிகளின் கீழும் கேட்டுவிட்டனர். அத்தர்க்கத்தைப் பரலோகத்துக்கும் ஏற்றிவைப்பது நற்செய்தியாகாது.

இரத்தஞ் சிந்தாமல் மன்னிப்பில்லை என்று எபிரேயர் நிருபம் கூறவில்லையா எனக் கேட்பர். கூறுகின்றது. ஆனால் அந்நிருபம் சுட்டும் லேவியராகமத்திலே, பலியின் இரத்தம் விலங்குக்கு விதித்த தண்டனையன்று. இரத்தத்தில் உயிர் இருக்கின்றது, அவ்வுயிர் தீட்டுற்ற இடத்தைத் தூய்மையாக்குகின்றது என்பதே அங்குள்ள விளக்கம். ஏசாயாவின் 53ஆம் அதிகாரமும், அதனை எடுத்தாளும் பேதுருவின் முதல் நிருபமும் அடிபட்டவரின் காயங்களால் மற்றவர்கள் குணமடைந்ததையே முடிவாகச் சொல்கின்றன. தண்டனைக் கோட்பாட்டாளர் மிகுதியாய் மேற்கோள் காட்டும் பகுதி இதுவே. அதிலுள்ள மருத்துவச் சொல்லை மட்டும் அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

வலிமையான எதிர்வாதம் வேறொன்று. எல்லாவற்றையும் நோய் என்று கூறிவிட்டால் குற்றஞ் செய்தவன் நோயாளியாகித் தப்பிவிடுவான், நீதி எங்கே? 2017ஆம் ஆண்டு முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதியோரப் பந்தல்களில் இருந்த காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டது மருந்தன்று, விடை. அவர்களை நோக்கி 'மன்னித்துக் குணமடையுங்கள்' என்று அறிவுரை கூறும் எந்த இறையியலும் வெட்கப்படவேண்டியதே. ஆயின் அத்தகைய அறிவுரை மருத்துவத்தின் பெயரால் நடக்கும் மோசடி. சீழ் கொண்ட புண்ணின் மேற் பச்சிலையை ஒட்டி மூடுபவன் பரியாரியல்லன். திறந்து, கழுவி, உள்ளே கிடக்கும் முள்ளை எடுத்தல் மருத்துவத்தின் முதற்படி. உண்மை வெளிப்படுதல் அதன் பாற்பட்டது. மாறாக, நீதியின் காவலனாகத் தன்னைக் காட்டும் தண்டனைக் கோட்பாடோ நீதியை எளிதிற் கைவிடுகின்றது. தண்டனை எவர் மேல் வீழ்ந்தாலும் கணக்குச் சரியாகும் என்பது அதன் அடிப்படை. குற்றவாளி இருக்க வேறொருவர் தண்டனை பெற்றதும் வழக்கு மூடப்படுவதை வன்னியில் எவரும் நீதி என்று ஏற்கார். கொன்றவனின் நெஞ்சும் மாறவேண்டும், இழந்தவளுக்கும் உண்மை கிட்டவேண்டும் என்று கேட்பது குணமாக்கற் கோட்பாடு. இரண்டில் எது மென்மையானது?

குணமாக்கல் என்றதும் ஒலிபெருக்கியோடு நடத்தப்படும் 'சுகமளிக்கும் கூட்டங்களை' நினைப்போரும் உளர். அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேடையேறி ஊன்றுகோலை வீசுவோனின் சுகம் ஒருநாட் காட்சி. சுகமடையாதவனுக்கு விசுவாசம் போதாது என்ற பழியும் அவனது நோயோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பப்படுகின்றது. காலிழந்தவனின் கால் திரும்ப முளைக்கும் என்று இரேனியுவோ அத்தனாசியாரோ கூறவில்லை. அச்சமும் பகையும் மரணமும் மனித இயல்பின் மேற் கொண்ட ஆட்சி, ஒரு மனித வாழ்வில், பிறப்பு முதற் கல்லறை வரை, உள்ளிருந்தே முறிக்கப்பட்டது என்றார்கள். அந்த வாழ்வோடு இணைவோர் மெல்ல மெல்லத் தேறுவர். நாட்டு வைத்தியத்திற்போல இதிலும் பத்தியம் உண்டு, நாட்கணக்கு உண்டு. உடனடி அற்புதத்தை விற்போருக்கு இது உகந்த சரக்கன்று.

தமிழ் மொழிபெயர்ப்புகளும் இவ்விடயத்தில் மீளாய்வுக்கு உரியன. யோவானின் முதல் நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்துச் சொல்லொன்றைப் பழைய வேதாகமம் 'கிருபாதாரபலி' என்றது; 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கழுவாய்' என்றது. முன்னையது பலிபீடத்தோடு நின்றுவிடுகின்றது. பின்னையது கழுவுதல் என்ற வினையை உள்ளடக்கியிருப்பதால் ஒருபடி முன்னேற்றம். பரிகாரம் என்ற சொல் அவ்விடத்திற்கு ஏன் பொருந்தாது என்பதை இறையியற் கல்லூரிகள் விளக்குவது நன்று. சோதிடரின் பரிகாரத்தோடு மயங்கிவிடும் என்ற அச்சம் காரணமாயின், பலி என்ற சொல் எத்தனை மயக்கங்களுக்கிடையில் ஏற்கப்பட்டது என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். விலங்குகளுக்கு இரையாக்கப்படுவதற்காகப் படைவீரர் காவலிற் சென்ற அவர், வழியில் எபேசு நகரத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதவானையும் தீர்ப்பையும் காவலரையும் அந்த மனிதரைவிட நன்கு அறிந்தவர் அவ்வேளை எவருமிலர். தம் ஆண்டவருக்கு ஒரு பெயர் சூட்ட வந்தபோது, அக்கடிதத்தில் அவர் தெரிந்தெடுத்த சொல் மருத்துவர் என்பதாகும்.