கணனிப் போட்டிகளும் காத்திருக்கும் கோப்புகளும்

"முதலில் விசா முடிவு வரட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்ப்போம்." புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் இந்த வாக்கியம் ஒலிக்காத வீடு குறைவு. வீடு மாறுவதற்கும், தொழில் பழகுவதற்கும், கலியாணப் பேச்சுக்கும் இது பொருந்தலாம். பிள்ளைகளின் கல்விக்கும் இதே விதியை நீட்டுவதுதான் எமக்கு உடன்பாடில்லாதது. ஐரோப்பியப் பாடசாலைகளில் மாணவருக்கென நடத்தப்படும் கணனி நிரலாக்கப் போட்டிகள் பற்றிய கடிதம் வீட்டுக்கு வரும்போது, "இது இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு உரியது, வழக்கு முடியாத எமக்கு இதில் என்ன வேலை" என்று அதனை மடித்து வைத்துவிடும் பெற்றோர் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

1987இல் பாரிசில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாட்டில் பல்கேரியப் பேராசிரியர் பிளகோவெஸ்ட் செண்டோவ் முன்வைத்த யோசனையின் பயனாக, 1989 மே மாதத்தில் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் முதலாவது சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட் நடைபெற்றது. அன்று 13 நாடுகளின் மாணவர் வந்திருந்தனர். இன்று ஒவ்வொரு நாடும் நால்வர் வரை அனுப்புகின்றது. போட்டி இரண்டு நாட்கள்; நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலங்கள். போட்டி நடக்கும் ஆண்டின் ஜூலை 1ஆம் திகதி மாணவருக்கு 20 வயதுக்கு மேற்பட்டிருக்கக்கூடாது. எந்த நாட்டின் சார்பில் பங்குபற்றலாம் என்ற கேள்விக்கு அதன் விதிகள் தரும் விடையை எம்மவர் கவனித்துப் படிக்கவேண்டும். முந்திய ஆண்டின் செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரையான காலத்தின் பெரும்பகுதியில் எந்த நாட்டுப் பாடசாலையில் பிள்ளை பதிவாகியிருந்ததோ, அந்த நாட்டின் சார்பில் நிற்கலாம். பாடசாலைப் பதிவேடுதான் அங்கு முதல் அளவுகோல். தன் அணியைத் தெரிவுசெய்வதற்கு ஒவ்வொரு நாடும் வேறு நிபந்தனைகள் வைக்கக்கூடும். அவற்றை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. ஆனால் கேட்காமலே "எமக்கில்லை" என்று தீர்ப்பெழுதும் உரிமையை எமக்கு யார் தந்தார்கள்?

இப்போட்டிகளில் என்னதான் செய்கிறார்கள் என்று வினவும் பெற்றோருக்கு, விரிவுரை மண்டபத்தில் நின்ற பழக்கம் விடாத காரணத்தால், ஓர் உதாரணம் சொல்கிறோம். ஓர் இலட்சம் எண்கள் கொண்ட பட்டியலில் ஏதாவது ஓர் எண் இரு தடவை வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். கணனிக்குக்கூட அது நேரம் பிடிக்கும் வேலை; போட்டி தரும் நேரமோ பெரும்பாலும் ஓரிரு விநாடிகள். அதே பட்டியலை முதலில் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டால், ஒரே எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அடுக்குவதற்கு 20 இலட்சத்துக்கும் குறைவான படிகள் போதும். பிறகு அயலில் உள்ளதை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். மணித்தியாலக் கணக்கில் விசைப்பலகையைத் தட்டுவதை விட, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு யோசிப்பதே இங்கு பயன் தரும். பிள்ளை திரையைப் பார்த்தபடி சும்மா இருக்கிறது என்று ஏசுகிறவர்கள் இதைச் சற்று மனத்திற் கொள்ளவேண்டும்.

எழுதிய நிரலை அனுப்பினால் இயந்திரம் அதனைத் தன்னிடமுள்ள சோதனைத் தரவுகளில் ஓட்டிப் பார்த்து, சரி அல்லது பிழை என்கிறது. தஞ்ச விசாரணை அதிகாரியைப் போல முகத்தைப் பார்த்து நம்பகத்தன்மையை அளப்பதில்லை. பெயரை உச்சரிக்க முடியாமல் இடறுவதுமில்லை. முகாமில் வளரும் ஒரு பிள்ளைக்கு, தன் விடை சரியாக இருந்தால் அது சரிதான் என்று மறுப்பின்றி ஏற்கப்படும் இடம் ஒன்று கிடைப்பது சிறு விடயமல்ல என்று நாம் கருதுகிறோம்.

ஜேர்மனியில் 1980இல் தொடங்கிய 'புண்டெஸ்வெட்பெவெர்ப் இன்ஃபோர்மாட்டிக்' என்னும் தேசியப் போட்டியின் முதற்சுற்றை மாணவர் வீட்டிலிருந்தே, விரும்பினால் நண்பருடன் சேர்ந்தும் செய்யலாம். நிரலோடு, அதனை ஏன் அவ்வாறு எழுதினோம் என்ற விளக்கத்தையும் எழுத்தில் தரவேண்டும். இந்த விளக்கம் எழுதும் பயிற்சி எமக்கு மிகவும் பிடித்தது. மொழியும் சேர்ந்து வளரும். இறுதிச் சுற்றின் வெற்றியாளர்கள் அந்நாட்டின் உயர்ந்த புலமைப்பரிசில் நிறுவனத்துக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனர். நிரலாக்கம் அறியாத சிறுவர்க்கோ, 2004இல் லித்துவேனியாவில் ஆரம்பித்து இன்று பல நாடுகளில் நடக்கும் 'பெப்ராஸ்' போட்டி இருக்கிறது. ஜேர்மனியில் இதனைப் 'பீபர்' என்பர். படங்களும் புதிர்களும் கொண்ட அதற்கு முன்னறிவு தேவையில்லை.

காலம் பற்றியே நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பெலாருசைச் சேர்ந்த ஜென்னடி கொரோட்கெவிச் 2006இல் மெக்சிக்கோவில் நடந்த ஒலிம்பியாட்டில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 11. 2007 முதல் 2012 வரை ஆறு ஆண்டும் தங்கம். (இந்தப் பெயரைச் சொல்லித் தம் பிள்ளையை இடிக்கும் பெற்றோர், தயவுசெய்து இவ்வரிகளை மறந்துவிடவும்.) அத்தகையவருக்கும் பாடசாலை முடிந்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. எமது மேன்முறையீடுகளோ எத்தனை ஆண்டுகள் இழுபடும் என்று சட்டத்தரணிக்கும் தெரியாது. 13 வயதில் வந்த பிள்ளைக்கு 19 வயதில் வதிவிட அனுமதி கிடைத்தால், அனுமதி கிடைத்த மகிழ்ச்சி உண்டு; போட்டியாண்டுகளைத் திருப்பித் தரும் அலுவலகம் எங்கும் இல்லை.

எல்லாம் திறந்தே கிடக்கிறது என்று நாம் பூசி மெழுகப் போவதில்லை. முதற்சுற்றுகளுக்கு எல்லை இல்லை. இறுதிச் சுற்றுக்கு உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 28ஆம் பிரிவு, ஒரு நாட்டில் சட்டபூர்வமாகத் தங்கியிருக்கும் அகதிக்குப் பயணப் பத்திரம் வழங்கச் சொல்கிறது. முடிவுக்காகக் காத்திருப்பவர் கையில் அது வருவதில்லை. ஜேர்மனியில் தஞ்சம் கோரிய தொடக்க மாதங்களில், ஒதுக்கப்பட்ட எல்லையை விட்டு வெளியே செல்வதற்கே அனுமதி பெறவேண்டும். அந்த எல்லையைத் தாண்டித் தண்டம் கட்டிய தலைமுறையினருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் எமது கோரிக்கை எழுகின்றது. கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020இலும் 2021இலும் சிங்கப்பூர் ஏற்று நடத்திய ஒலிம்பியாட் இணையவழியில் நடைபெற்றது. மாணவர் தத்தம் நாடுகளிலிருந்தே பங்குபற்றினர், பதக்கங்களும் வழங்கப்பட்டன. நோய்க்காகச் செய்ய முடிந்ததை, பயணப் பத்திரம் இல்லாத ஒரு பிள்ளைக்காக ஏன் செய்ய முடியாது? விளையாட்டு உலகம் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பத்துப் பேர் கொண்ட அகதிகள் அணியை இறக்கியது. அறிவுப் போட்டிகளின் அமைப்பாளர்களிடமும் இதையொத்த ஏற்பாட்டைக் கேட்க எமது சங்கங்களுக்கு வாயுண்டு, கடிதத்தாளும் உண்டு. ஆண்டுவிழாவுக்கு மண்டபம் பிடிக்கச் செலவிடும் உழைப்பில் சிறு பங்கு போதும்.

"இனிச் செயற்கை நுண்ணறிவே எல்லாம் எழுதிவிடும், பிள்ளை ஏன் மினக்கெட வேண்டும்" என்ற பேச்சும் காதில் விழுகிறது. 2025 செப்டெம்பரில் பாக்கூவில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கான உலக இறுதிப்போட்டியின் 12 வினாக்களையும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் இயந்திரம் தீர்த்தது. மனிதரில் முதலிடம் பெற்ற அணி தீர்த்தது 11. அது உண்மையே. இணையவழிச் சுற்றுகளில் கள்ள விடை அனுப்புவது எளிதாகிவிட்டதும் உண்மையே. ஆனால் பட்டியலை முதலில் அடுக்கிப் பார்ப்போம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிய அந்த நேரத்தை இயந்திரத்திடம் கடன் வாங்க இயலாது. இரவல் விடையோடு மேற்சுற்றுக்குச் சென்று நேரில் விளக்கம் கேட்கப்படும்போது நிற்பதற்கு இடமிராது.

ரியூசன் ஆசிரியர்களுக்கு இங்கு இன்னொரு வியாபாரம் திறந்துவிடுமோ என்ற அச்சமும் எமக்கு உண்டு. பெறுபேற்றை வைத்து வீட்டுக்கு வீடு ஒப்பிடத் தொடங்கினால், பிள்ளை இதையும் வெறுத்துவிடும். பணம் கட்டி எவரிடமும் அனுப்பத் தேவையில்லை. கடந்த ஆண்டுகளின் வினாக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அறை ஒன்றில் ஐவர் வாழும் வீட்டில் மேசையும் அமைதியும் இல்லையென்றால் நகர நூலகத்தில் இரண்டும் உண்டு, பல இடங்களில் கணனியும் உண்டு.

ஜேர்மனியில் தேசியப் போட்டியின் முதற்சுற்று செப்டெம்பரில் தொடங்கி நவம்பரில் முடிவடையும். பீபர் போட்டி நவம்பரில் பாடசாலையிலேயே நடக்கும். பதிவு செய்பவர் ஆசிரியர். ஆகையால் கோடை விடுமுறை முடிந்து முதலாவது பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதே, தகவலியல் ஆசிரியர் யார் என்று கேட்டு, பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். மொழி தடையென்றால் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லலாம். வைத்தியரிடமும் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் அதைத்தானே செய்விக்கிறோம்.