கைபேசியைக் கீழே வைக்கச் சொல்கிறவர்களுக்கு

ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டு, அங்கே எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் அறிவுரை வந்துவிடும். “பாட்டு கேட்கப் போனியா, படம் பிடிக்கப் போனியா?” “அந்த நிமிஷத்தை அனுபவிக்கத் தெரியாத தலைமுறை.” “நாங்கெல்லாம் கண்ணை மூடிக் கேட்போம்.” எனக்கு இதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அண்ணன்கள், சித்தப்பாக்கள், உடன் வேலை பார்க்கும் ஆண்கள். இவர்களே கிரிக்கெட் மைதானத்துக்குப் போனால் கடைசி ஓவரை முழுதாகப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். அது மட்டும் அனுபவம். நான் எடுத்தால் பைத்தியம்.

இந்த அறிவுரையில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருட்களை, வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே மாணவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அறிவுரை சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது. பொருளின் ஒரு பகுதியை நெருக்கமாக ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. எதை எடுக்கிறோம் என்று கவனித்து எடுத்தால் நினைவும் கூடவே நிற்கிறது. இரண்டு மணி நேரமும் கையைத் தூக்கிப் பின்னால் நிற்பவரை மறைப்பது அநாகரிகம் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஐந்தடி உயரம்கூட இல்லாத நான்தான் பெரும்பாலும் அந்தப் பின்னால் நிற்பவள்.

என் கேள்வி வேறு. ‘அந்த நிமிஷம்’ என்று சொல்கிறீர்களே, அது யாருக்கு முழுசாகக் கிடைக்கிறது?

ஒரு பெண் இசை நிகழ்ச்சிக்குப் போவது டிக்கெட் வாங்குவதோடு முடிவதில்லை. யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய், இந்தச் சட்டையா போடப் போகிறாய் என்ற விசாரணை முதலில். மைதானத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைப்பாள். உள்ளே நுழைந்ததும் லைவ் லொகேஷன் அனுப்புவாள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வாள். எந்தப் பக்கம் முழங்கை வருகிறது என்று உடம்பு கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தால் பாதிப் பாட்டில் மாமியாரிடமிருந்து அழைப்பு வரும். கடைசி ரயில் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் நடுவில், கண்ணை மூடிக் கேட்கச் சொல்கிறீர்கள். கூட்டத்தில் கண்ணை மூடிய பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று எந்தப் பெண்ணையும் கேளுங்கள்.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போகவே முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் தாங்கள் சீண்டப்பட்டதாகப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. அன்று அந்த மைதானம் எப்படி இருந்தது என்பதை ஊர் பார்த்தது கூட்டத்தில் இருந்தவர்களின் கைபேசிப் பதிவுகளில்தான். அவர்கள் எல்லோரும் ‘அந்த நிமிஷத்தை’ அனுபவித்துக்கொண்டிருந்தால், பெண்களின் புகாருக்கு வழக்கமான பதில்தான் கிடைத்திருக்கும்: “அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கலையே.”

பெண்களுக்கும் பதிவுக் கருவிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனிக்காக கௌஹர் ஜான் பாடினார். அந்தப் புதிய குழாய்க்குள் பாட மரியாதைப்பட்ட ஆண் வித்வான்கள் பலர் தயங்கிய காலம் அது. குரலை விற்பதா, கண்டவர் வீட்டிலும் ஒலிப்பதா என்று கௌரவம் பேசினார்கள். சபைகளில் கௌரவம் மறுக்கப்பட்ட பெண்கள் துணிந்து பாடினார்கள். இசைத்தட்டின் முடிவில் கௌஹர் ஜான் தன் பெயரைத் தானே சொல்வார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பது தொழில் காரணம். எனக்கு அது வேறு விதமாகவும் கேட்கிறது. பெயரை அழித்துவிடும் உலகத்தில், அழிக்க முடியாத மெழுகில் ஒரு பெண் பெயரைப் பதித்துவிட்டாள்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எடுத்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொந்தப் பணத்தில் கட்டினார். அங்கே நடந்த ஆராதனையில் அவரும் மற்றப் பெண்களும் பாட அனுமதி இல்லை. தனியாகப் பெண்களைத் திரட்டி ஆராதனை நடத்தி, போராடித்தான் அந்த இடத்தை வாங்கினார். இசை நிகழும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் இருப்பது என்பதே பெண்களுக்குக் கெஞ்சியும் சண்டை போட்டும் கிடைத்த ஒன்று. அதைச் சுலபமாக வைத்திருப்பவர்கள்தான் ‘வெறுமனே அனுபவி’ என்கிறார்கள்.

என் அம்மாவுக்கு 64 வயது. திருவிழாக் கச்சேரிகளை அவர் கேட்டதெல்லாம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுதான். அதுவும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த அவசரத்தோடு. நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை அவருக்காக நான் எடுத்து வந்தேன். கீரை ஆயும்போது அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் கேட்கிறார். பின்னணியில் நான் சுருதி பிசகிக் கத்துவதும் அதில் இருக்கிறது. யூடியூபில் நல்ல ஒலியோடு அதே பாட்டு கிடைக்கும் என்று தம்பி சொன்னான். “இதுலதான் இவ சத்தம் இருக்கு” என்றார் அம்மா. அறிவுரைக்காரர்கள் அம்மாவிடம் பேசிப் பார்க்கலாம்.

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையின் நடனத்தையும், காதுகுத்தையும், மாமனாரின் மணிவிழாவையும் எடுப்பது யார்? வீட்டுப் பெண்கள்தான். எல்லோருடைய நினைவையும் சேமிப்பது எங்கள் கடமை. அப்போது யாரும் ‘கைபேசியைக் கீழே வை’ என்பதில்லை. எனக்காக, எனக்குப் பிடித்த குரலுக்காக எடுக்கும்போது மட்டும் தத்துவம் வருகிறது.

கைபேசியால் இசை நிகழ்ச்சிகளில் உண்மையான கெடுதல் ஒன்று நடக்கிறது. அதைப் பற்றி இந்த அறிவுரைக்காரர்கள் பேசுவதே இல்லை. மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தில் ஆடும் பெண்ணின் பக்கம் திரும்பும் கேமரா அது. என் தோழி ஒருத்தி தன்னை மறந்து ஆடியது மூன்றே நிமிடம். மறுநாள் யாரோ ஒருவனின் ரீல்ஸில் இருந்தாள். கீழே வந்த கருத்துகளை இங்கே எழுத மாட்டேன். அவள் வீட்டுக்கு அது போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அதன்பின் எந்த நிகழ்ச்சிக்கும் அவள் வரவில்லை. ‘அந்த நிமிஷத்தை’ முழுசாக வாழ்ந்தாளே, அதற்குக் கிடைத்த கூலி இது.

சட்டம் உதவுமா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு பெண்ணை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் அது குளியலறை, உடை மாற்றும் இடம் போன்ற அந்தரங்கச் சூழலுக்கானது. திறந்த மைதானத்தில் உடையோடு ஆடும் பெண்ணை அந்தப் பிரிவு காப்பாற்றாது.

மேடையில் இருப்பவர் கேட்டுக்கொண்டால் நான் கைபேசியை உள்ளே வைப்பேன். 2014இல் லண்டனில் நீண்ட இடைவெளிக்குப் பின் பாட வந்த கேட் புஷ், படம் எடுக்க வேண்டாம் என்று ரசிகர்களிடம் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். அது அவருடைய பாட்டு, அவருடைய உடல், அவருடைய உரிமை. அதே உரிமைதான் கூட்டத்தில் ஆடும் பெண்ணுக்கும். கேட்காமல் எடுக்காதே. எடுத்ததை அழிக்கச் சொன்னால் அழி. நிகழ்ச்சி நடத்துபவர்கள் இதை டிக்கெட்டிலேயே அச்சடிக்கட்டும், மீறுகிறவரை வெளியேற்றட்டும். போதுமான கழிப்பறை, வெளிச்சமான வழி, புகார் சொன்னால் நம்பும் ஆட்கள், இரவு வீடு திரும்பப் பேருந்து ஆகியவற்றையும் தரட்டும்.

நானும் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவள்தான். அதற்கு என் கையில் இருக்கும் கைபேசி தடையில்லை. என்னைச் சுற்றி நிற்பவர்களின் கைகளைப் பற்றி முதலில் பேசுங்கள்.