பார், மண்டபம், மிட்டாய்க் கடை!
ஒரு சென்னைவாசியின் அபிப்பிராயம்

வெளியூரில் இருந்து சென்னைக்கு வருகிறவர்கள் மெரினா கடற்கரையைப் பார்க்கிறார்கள். வண்டலூரில் புலியைப் பார்க்கிறார்கள். தியாகராய நகரில் துணி எடுக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள்.

பட்டணத்தில் குடியிருப்பவன் நிலை வேறு. தினமும் அவன் கண்ணில் படுவது மூன்று இடங்கள். வடபழனி, பெரம்பூர், ராயபுரம் எங்கே போனாலும் இந்த மூன்றும் உண்டு. ஒரு மதுக்கடை, அதை ஒட்டி ஒரு 'பார்'. நாலு கட்டிடம் தள்ளி ஒரு கல்யாண மண்டபம். எதிர்ப்பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடை. இப்போது அதை 'ஸ்வீட் ஸ்டால்' என்கிறார்கள்.

மண்டபத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் குடும்பத்தோடு போகலாம். பாருக்குப் போக முடியாது. ஆனால் அந்தப் பாரைத் தாண்டித்தான் மற்ற இரண்டுக்கும் போக வேண்டியிருக்கிறது! சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்க்கார் கடை

நம் மாநிலத்தில் மதுவின் கதை நீளமானது. 1937-ல் ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடியும் கடைகள் மூடப்பட்டன. 1981-ல் மீண்டும் திறந்தன. 1983-ல் 'டாஸ்மாக்' என்ற சர்க்கார் நிறுவனம் பிறந்தது. முதலில் அது மொத்த வியாபாரம்தான் செய்தது. 2003-ம் ஆண்டின் கடைசியில் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே எடுத்துக் கொண்டது.

அந்த 2003-04-ம் ஆண்டில் மதுவால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25-ம் ஆண்டில் 48,000 கோடி ரூபாயைத் தாண்டி விட்டது. ஒரு நாளைக்கு என்று கணக்குப் போட்டால், சுமார் 132 கோடி ரூபாய்!

இடையில் கடைகளை மூடவில்லையா? மூடினார்கள். 2016-ல் 500 கடைகள். 2017-ல் 500 கடைகள். 2023 ஜூன் மாதம் 500 கடைகள். ஆனால் 2022-23-ல் சுமார் 44,100 கோடியாக இருந்த வருமானம், 2023-24-ல் 45,800 கோடியைத் தாண்டியது. கடை குறைந்தது. வருமானம் குறையவில்லை.

ஏன்? ஒரு கடையை மூடினால் குடிக்கிறவர் அடுத்த கடைக்கு நடக்கிறார். விலையும் அவ்வப்போது ஏறுகிறது. 2024 பிப்ரவரியில்கூட ஏறியது. முன்பு இரண்டு கடைகளில் நின்ற கூட்டம் இப்போது ஒரே கடையில் நிற்கிறது. அந்தக் கடைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் பாடுதான் திண்டாட்டம்.

பாரை நடத்துவது யார்?

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. மது விற்பது சர்க்கார். ஆனால் பாரை நடத்துவது சர்க்கார் அல்ல. ஏலம் எடுத்த தனி ஆள்! தின்பண்டம் விற்கவும், காலி பாட்டில்களைச் சேகரிக்கவும் அவருக்கு உரிமை. அதற்காக அவர் சர்க்காருக்குப் பணம் கட்டுகிறார்.

கட்டிய பணத்தை அவர் எடுக்க வேண்டாமா? சுண்டல், ஆம்லெட், மாங்காய்த் துண்டு, தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் தம்ளர் எல்லாவற்றுக்கும் வெளியில் இருப்பதை விட விலை கூடுதல். குடிக்கிறவர் யோசிக்கிறார். இருபது முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க, பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டு தெருவுக்கு வந்து விடுகிறார். மூடிய கடையின் படிக்கட்டு, பஸ் நிற்கும் இடம், பூங்காவின் மதில் ஓரம் எல்லாம் பாராகி விடுகிறது.

நான் பல பார்களை வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு உள்ளேயும் போயிருக்கிறேன். (குடிக்க அல்ல. தேடிப் போக வேண்டிய உறவினர் எல்லோர் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்!) பெரும்பாலானவற்றில் காற்று வராது. கை கழுவ ஒழுங்கான இடம் கிடையாது. தரை ஈரம். 48,000 கோடி ரூபாய் கொடுக்கிற மனிதனுக்கு உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லை. பெரிய ஓட்டல்களில் உள்ள பார்களோ குளிர்சாதன அறையில் பளபளப்பாக இருக்கின்றன. சாராயத்திலும் ஜாதி உண்டு போலும்!

சட்டத்தில் ஒரு தூரக் கணக்கு இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளிக்கூடம் போன்றவற்றில் இருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். 50 மீட்டர் என்றால் எவ்வளவு? நாலு டவுன் பஸ்களை வரிசையாக நிறுத்தினால் அந்தத் தூரம் முடிந்தது! வியாபாரப் பகுதி என்று அறிவித்து விட்டால் இந்த விதியும் கிடையாது. கல்யாண மண்டபத்துக்கு எவ்வளவு தூரம் என்று இந்த விதி சொல்லவே இல்லை.

பெண்கள் இதைச் சும்மா பார்த்துக் கொண்டிருக்கவில்லை. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலைக் கடைகளைச் சுப்ரீம் கோர்ட்டு அகற்றச் சொன்னது. அந்தக் கடைகளைக் குடியிருப்புப் பகுதிகளுக்குள் கொண்டு வரப் பார்த்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் மறியல் செய்தார்கள். அதற்கு முன்பே, 2015 ஜூலையில், காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர் இழந்தார்.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் விஷச்சாராயத்தால் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது சர்க்கார் கடைகள் திறந்துதானே இருந்தன?

மண்டபத்துக்குள் வரப் பார்த்த மது

இப்போது மண்டபத்துக்கு வருவோம். இதில்தான் குடும்பங்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

2023-ம் ஆண்டு ஒரு புது விதி வந்தது. மாநாட்டுக் கூடம், விளையாட்டு மைதானம், கல்யாண மண்டபம் ஆகிய இடங்களில், கட்டணம் கட்டி லைசென்சு வாங்கினால், விருந்தாளிகளுக்கு மது பரிமாறலாம் என்றது அந்த விதி. அந்த ஏப்ரல் மாதம் விஷயம் வெளியே தெரிந்தது. பலத்த எதிர்ப்பு! எதிர்க் கட்சிகள் கண்டித்தன. கூட்டணிக் கட்சிகளும் கண்டித்தன. வீடுகளில் பேச்சு இதுதான். அதே மாதத்திலேயே கல்யாண மண்டபம் என்ற வார்த்தையைச் சர்க்கார் எடுத்து விட்டது.

நல்லது. ஆனால் எடுத்த வார்த்தையை மறுபடியும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆகையால் இதைப் பற்றி யோசித்து வைத்துக் கொள்வது நல்லது.

மதுவை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் என்ன? "பெரிய ஓட்டலில் நடக்கும் கல்யாணங்களில் மது கிடைக்கிறது. மண்டபத்தில் மட்டும் ஏன் கூடாது? இப்போதும் கார் நிறுத்தும் இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக் குடிக்கத்தானே செய்கிறார்கள்? ஒளிந்து குடிப்பதை வெளிச்சத்தில் குடிக்கட்டுமே!"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணைப் பெற்றவர் பக்கம் நின்று பாருங்கள். கணக்கு மாறி விடும்.

நம் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், முதலில் "இஷ்டம் இருந்தால் வைக்கலாம்" என்று வரும். மூன்றே வருஷத்தில் "இது இல்லாமல் கல்யாணமா?" என்று ஆகி விடும். ஐஸ்கிரீம் அப்படித்தான் வந்தது. பீடா கடை வந்தது. சாட் கடை வந்தது. வாசலில் பெரிய திரை வைத்துப் படம் காட்டுவது வந்தது. ஒவ்வொன்றும் யார் தலையில் விழுந்தது? பெரும்பாலும் பெண் வீட்டார் தலையில்!

மதுவும் சட்டப்படி உள்ளே வந்தால் இதே பாதையில்தான் போகும். "மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாற்பது பேர் வருகிறார்கள். அவர்களைக் கவனிக்க வேண்டாமா, சம்பந்தி?" என்று ஒரு குரல் எழும். முடியாது என்று பெண்ணின் தகப்பனார் சொல்ல முடியுமா? இன்று அவருக்கு ஒரு கேடயம் இருக்கிறது. "சட்டம் இடம் தராது, சம்பந்தி" என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தின் விலை பல ஆயிரம் ரூபாய்! அதைப் பறித்து விடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஓட்டலில் கல்யாணம் நடத்துகிறவர் தம் இஷ்டப்படி நடத்துகிறார். அவரோடு போட்டி போட நமக்கு என்ன அவசியம்?

ஒருநாள் வாடகை

மண்டப வாடகையே பலரைத் தள்ளாட வைக்கிறது. வாடகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி. மின்சாரத்துக்குத் தனி. துப்புரவுக்குத் தனி. ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி. சில மண்டபங்களில் "எங்கள் சமையல்காரர்தான், எங்கள் அலங்காரக்காரர்தான்" என்ற நிபந்தனையும் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். வாயால் சொன்னது கணக்குத் தீர்க்கும் நேரத்தில் மறந்து போகும்!

வசதி குறைந்தவர்களுக்கு மாநகராட்சியின் சமுதாயக் கூடங்கள் உண்டு. வாடகை குறைவு. முகூர்த்த நாளில் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடை அலங்காரத்தைப் பார்க்கிறோம். வெளியேறும் வழி எத்தனை என்று பார்க்கிறோமா? 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த கூரைப் பந்தலில் தீப்பிடித்தது. மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

திறந்த வெளியும் பத்திரம் என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமானின் கச்சேரி நடந்தது. டிக்கெட்டு வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் விமான சாகசம். வெயிலும் நெரிசலும் சேர்ந்து 5 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கரூரில் அரசியல் கூட்டத்தில் நெரிசல். 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

நம் ஊர் சபாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதத்தில் சபாக்களுக்குத்தான் மவுசு. உட்கார இடம் உண்டு, கதவு உண்டு, குடித்து விட்டு வருகிறவர் கிடையாது. பாட்டைக் கேட்க வருகிறவர்களை விடக் காண்டீனில் போண்டா சாப்பிட வருகிறவர்கள் அதிகம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். வயிறு நிறைந்தவன் சண்டை போட மாட்டான்.

மிட்டாய்க் கடையில் ஏமாறாதீர்கள்

திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எல்லாம் இன்று பட்டணத்தில் கிடைக்கின்றன. பால்கோவாவுக்கு 2019-லும் கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்த வட்டாரத்தில் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்பது அதன் பொருள். பலகையில் ஊர்ப் பெயரை எழுதி விட்டுப் பின்கட்டில் கிண்டுகிற கடைகளும் இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

நெய் என்று எழுதிய இடத்தில் நெய் இருக்கிறதா? விரலில் எடுத்துத் தேயுங்கள். நெய் உடனே உருகும், வாசனை நிற்கும். வனஸ்பதி மேல் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். இது என் வீட்டுப் பரீட்சை. ஆய்வுக்கூடப் பரீட்சை அல்ல.

வண்ணத்தைக் கண்டு மயங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் 'ரோடமின் பி' என்ற சாயம் இருப்பது தெரிந்தது. துணிக்குப் போடுகிற சாயம் அது! முதலில் புதுச்சேரியிலும், பிறகு நம் மாநிலத்திலும் தடை போட்டார்கள். சில நாட்களில் உத்தரவு வந்து விட்டது. சர்க்கார் நினைத்தால் எவ்வளவு வேகமாகக் காரியம் செய்ய முடியும், பாருங்கள்! பஞ்சு மிட்டாய் விற்கிறவரால் ஆண்டுக்கு 48,000 கோடி ரூபாய் வருமானம் இல்லை.

2020 அக்டோபர் முதல் தேதியில் இருந்து, தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் "இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்" என்று எழுதி வைக்க வேண்டும். எத்தனை கடைகளில் அந்தச் சீட்டு இருக்கிறது? பால் பலகாரம் சீக்கிரம் கெடும். மைசூர்பாகு பல நாள் தாங்கும். சீட்டு இல்லாத தட்டில் வாங்காதீர்கள்.

நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த மருத்துவ ஆராய்ச்சி சொல்கிறது. ஒரு கிலோவுக்குப் பதில் கால் கிலோ நல்லதாக வாங்கினால் பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

தீபாவளிக்குப் பெட்டியில் வாங்கும்போது இன்னொன்று. பெட்டியின் எடையைச் சேர்க்காமல்தான் இனிப்பை நிறுக்க வேண்டும். அதுதான் சட்டம். பெட்டி 100 கிராம், இனிப்பு கிலோ 800 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். சேர்த்து நிறுத்தால் அட்டைக்கு மட்டும் 80 ரூபாய் கொடுக்கிறீர்கள். "வெறும் பெட்டியை முதலில் தராசில் வையுங்கள், தம்பி" என்று சொல்லுங்கள். கடைப் பையன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு இனிப்பை வைக்கச் சொல்லுங்கள்.