நான்கு சதவீதத்தின் பின்கதவு

பொதுத்துறை ஆலைகளின் கொள்முதல் பிரிவில் இருக்கும் வாசகர்களுக்கு 4 என்ற எண்ணை விளக்கத் தேவையில்லை. 2012-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றது. 2018-இல் அது 25 ஆனது. அதற்குள் பட்டியலினத்தார், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துபவற்றுக்கு 3. மொத்த இலக்கான 25-ஐப் பல ஆண்டுகளாகத் தாண்டி வருகிறோம். 4 மட்டும் நாடளாவிய கணக்கில் எட்டாமலே நிற்கிறது.

“தகுதியானவர்கள் டெண்டருக்கு வருவதில்லை.” இதுதான் நம் வழக்கமான பதில். இந்தப் பதிலை நமக்கு எழுதிக் கொடுத்ததே அந்த ஆணைதான். அத்தகைய நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டாலோ, நிபந்தனைகளுக்கும் எல்-1 விலைக்கும் ஒத்துவராவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. இலக்கு வைத்த கையோடு பின்கதவும் வைத்தாயிற்று. பிறகு ஏன் வரவில்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்?

நாமாவது கேட்போம். திருச்சியில் பெல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சார்ந்து துவாக்குடியில் பேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. தகடும் சட்டமும் ஆலை தரும். வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. அன்று பட்டறை போட முடிந்தவர்கள், வங்கியில் ஈடு வைக்கப் பத்திரம் இருந்தவர்கள். அதே பட்டறையில் வெல்டராக உழைத்தவரின் மகன் இன்று சொந்தமாகப் பட்டறை போட வருகிறார். முதலுக்கு ஓரளவு வழி இருக்கிறது: தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் கிடைக்கும். மெஷின் வந்து இறங்கிவிடும். ஆர்டர்தான் வராது.

அவர் கையில் கிடைக்கும் டெண்டரைப் பிரித்துப் பாருங்கள். மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஒத்த பணிகள் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று முடித்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் காட்டிய அளவுகோல் இது. பெரிய கட்டுமானப் பணிகளுக்குப் பொருத்தமானதுதான். அதையே காப்பி அடித்து ஏணியும் கைப்பிடிக் கம்பியும் செய்யும் வேலைக்கும் போட்டால், புதியவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். டெண்டர் கட்டணமும் ஈஎம்டியும் தள்ளுபடி என்று சொல்வதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் விலை கொடுத்தவர் எல்-1 விலைக்கு இறங்கி வந்தால் ஆர்டரில் பங்கு உண்டு என்ற சலுகையும், விலைக் கவர் திறக்கப்படுபவருக்குத்தானே?

தரத்தில் சமரசம் இல்லாமல் முன் அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்த விதியில் இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த நம்மில் பலர் தயங்குகிறோம். காரணம் எல்லோருக்கும் தெரியும். தளர்த்தினால் நாளைக்கு ஆடிட்டிலும் விஜிலென்ஸிலும் கேள்வி வரும். தளர்த்தாமல் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். தனி அதிகாரியின் துணிச்சலை நம்பி இதைத் தீர்க்க முடியாது. அழுத்தம் தாங்கும் பாகங்களுக்குக் கொதிகலன் விதிகள் இருக்கின்றன. அங்கே தளர்வு பேசுவதே தவறு. மற்ற கட்டமைப்புப் பாகங்களில் எவை எவை சிறு சோதனை ஆர்டருக்கு உகந்தவை என்று தரப் பிரிவும் கொள்முதல் பிரிவும் ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்ந்து கையெழுத்திட்டுப் பட்டியல் வைத்துக்கொண்டால், எந்த ஆடிட்டுக்கும் அந்தக் காகிதம் போதும். பின்கதவைப் பயன்படுத்துவோரும், எத்தனை பேருக்கு விலைக் கோரிக்கை அனுப்பினோம், எந்த நிபந்தனையில் யார் விழுந்தார்கள் என்று கோப்பில் எழுதட்டும். நிபந்தனையின் பெயர் எழுத்தில் வந்தால்தான் அடுத்த டெண்டரில் அது மாறும்.

தனியார் நிறுவனங்களுக்கு இந்த 4 கிடையாது. அமெரிக்காவில் பெருநிறுவனங்கள் சிறுபான்மையினரிடம் தாமாக வாங்கும் வழக்கம் 1970-களிலேயே ஊன்றியது; அங்குள்ள 51 சதவீத உடைமை என்ற அளவுகோல் நம் கொள்முதல் விதிகளிலும் இருக்கிறது. இங்கே செபியின் நிலைத்தன்மை அறிக்கைப் படிவம், முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களிடம், விளிம்புநிலைப் பிரிவினரிடம் வாங்க முன்னுரிமைக் கொள்கை உண்டா என்று கேட்கிறது. ஆனால் அது விருப்பப் பகுதிக் கேள்வி. பதில் சொல்லாமலும் விடலாம்.

இனி பணம். ஆர்டர் கிடைத்தவரைக் கவிழ்ப்பது இதுதான். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பல அலுவலகங்களில் இந்த 45 நாளை பில் பாஸான தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கு வந்த தேதியே ஏற்ற தேதி என்பதுதான் சட்டம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வராமல் கிடந்த நாட்களும் நம் கணக்கில்தான் சேரும். திருச்சி வட்டாரத்துக்கென்றே வசதியாக்க மன்றம் இருக்கிறது. ஆனால் ஒரே வாங்குநரை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்காரர் அவர்மேல் மனுப் போடுவாரா? 2010-களில் மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது துவாக்குடியில் எத்தனை ஷெட்டுகள் பூட்டப்பட்டன என்பதைப் பார்த்தவர்கள் நாம். புதியவர்களை அந்த ஒற்றைக் கயிற்றிலேயே கட்டக்கூடாது. 2019-இல் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் வாங்குநர்களிடமும் பொன்மலைப் பணிமனையிலும், நம்மிடம் தேறியவர் என்று காட்ட அவருக்கு ஒரு செயல்திறன் சான்று வேண்டும். ஆர்டரை ஒழுங்காக முடித்துக் கொடுத்தவருக்கு அதை அவர் கேட்காமலே அனுப்பிவைக்கலாம். ஒரு பக்கக் கடிதம்தான், செலவு ஒன்றும் இல்லை.